நேட்டால் கப்பல் பட்டியல்கள்: பெயரைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த என் தோழி, தம் பாட்டியின் தாயார் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்திற்குக் கூலியாக வந்தவர் என்பதற்குமேல் எதுவும் அறியாதவர். அவருக்காக, டர்பன் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் கப்பல் பட்டியல்களின் கணினிப் படியைச் சில மாதங்கள் பயன்படுத்தியதில் ஏற்பட்ட மதிப்பீடு இது.

1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவற்றில் பதிவாகியுள்ளனர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம் ஆகியவற்றோடு உடலிலுள்ள தழும்பும் மச்சமும்கூட எழுதப்பட்டிருக்கின்றன. தோழியின் பாட்டியைப் பெற்ற அந்தப் பெண் ஊரிலேயே இருந்திருந்தால், நிலமில்லாத குடும்பத்தில் பிறந்த அவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறியிருக்குமா என்பது ஐயமே.

பெயரைக் கொண்டு தேடுவதுதான் பெருந்தொல்லை. முனியம்மா என்ற ஒரு பெயரையே எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் பலவாறாக எழுதியிருக்கிறார்கள். ‘பாக்கம்’ என்று முடியும் ஊர்கள் ‘பாகும்’, ‘பௌகும்’ என்றெல்லாம் திரிந்து கிடக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் தமிழ்க் காதுக்குப் பிடிபடும். தமிழ் அறியாத தோழிக்கு அது இயலவில்லை.

உண்மையில் கை கொடுப்பது, ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்ட காலனி எண். மறுமணத்தாலோ மதமாற்றத்தாலோ பெண்ணின் பெயர் மாறியிருக்கலாம், எண் மாறாது. குடும்பமாகக் கப்பல் ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களே கிடைத்திருப்பதால், ஒரு பெண்ணின் பதிவைக் கண்டதும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளையும் படித்தால், உடன் வந்த கணவரோ குழந்தையோ தங்கையோ தென்படக்கூடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலுள்ள இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் (ஒப்பந்தக் கூலிகளின் விவகாரங்களைக் கவனித்த அரசு அதிகாரி) அலுவலகக் கோப்புகளில், தோட்ட முதலாளிக்கு எதிரான முறையீடு போன்றவற்றைத் தேடவும் இதே எண்தான் பிடிமானம்.

நேட்டாலில் பிறந்த பிள்ளைகளும், சொந்தச் செலவில் வந்த வணிகர் குடும்பங்களும் இப்பட்டியல்களில் இல்லை. ஆகவே கடைசித் தலைமுறையிலிருந்து பிறப்பு, திருமணச் சான்றுகள் வழியே பின்னோக்கி வந்து, கப்பலேறியவர் யார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே இங்கு நுழைய வேண்டும். நாங்கள் நேரே பெயரைத் தட்டித் தேடி முதல் மாதத்தை வீணாக்கினோம். கட்டணம் பெற்று வம்சாவளி தேடித் தருவோரை அமர்த்த நினைப்பவர்களும், முதலில் இந்த எண்ணைத் தாமே கண்டெடுத்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும்.