சின்ன போர்டு வாங்கும் முன் டிராயரைத் திறந்து பாருங்கள்

அக்கா வீட்டுக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. பையனுக்குப் பள்ளிக்கூட வேலை, அக்காவுக்குத் தையல் கடைக் கணக்கு, ராத்திரியில் எல்லாருக்கும் யூடியூப். டிவி ஸ்டாண்டுக்குள் அடங்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, காசும் அதிகம் இழுக்கக் கூடாது. அப்படியென்றால் 17 சென்டிமீட்டர் சதுரத்தில் வரும் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டுதான் (மற்ற பாகங்களெல்லாம் செருகும் தாய்ப்பலகை). தேடிப் பார்த்ததில் மூன்று மிஞ்சின: ஏஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ், ஆசஸ் பிரைம் என்100ஐ-டி டி4, அப்புறம் பிராசஸரைத் தனியாகச் செருகும் ஏதாவது ஒரு எச்610 போர்டில் இன்டெல் ஐ3-12100 பிராசஸர்.

முதல் இரண்டிலும் இருப்பது ஒரே சிப், 2023இல் வந்த இன்டெல் என்100. நான்கு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். போர்டிலேயே பற்றவைத்து, மேலே சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டும் (ஹீட்சிங்க்) மாட்டி வந்துவிடும். பிராசஸர், கூலர் எதுவும் தனியாக வாங்க வேண்டியதில்லை. வேகம் ஏறக்குறைய 2015இல் வந்த ஐ5-6500 அளவு. பிரவுசர், எக்செல், ஜூம் வகுப்புக்கெல்லாம் இது போதும். யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 வகை வீடியோவையும் சிப்பே பிரித்துக் காட்டுவதால் யூடியூபில் திணறல் இல்லை. ஆக, இந்த இரண்டில் எது வேகம் என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். எந்தப் போர்டில் எதைச் செருக முடியும் என்பதில்தான் வித்தியாசம்.

ஏஸ்ராக் போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் (கணினிப் பெட்டிக்குள் வைக்கும் பவர் சப்ளை) வேண்டாம், 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரே போதும். ஆனால் ரேம் மட்டும் டெஸ்க்டாப் ரேம். ஆசஸ் இதற்கு நேர் எதிர்: லேப்டாப் ரேம் கேட்கிறது, மின்சாரத்துக்கு 24 பின் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது. என் டிராயரில் கிடந்தவையோ லேப்டாப்பிலிருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று, அதே லேப்டாப்பின் அடாப்டர் ஒன்று. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளும் போர்டு இந்த ஜோடியில் இல்லை! ஒன்றைப் பயன்படுத்தினால் இன்னொன்று வீண்.

நான் அடாப்டர் பக்கம் சாய்ந்தேன். ரேமைப் பழையதாகக்கூட வாங்கிக்கொள்ளலாம், மலிவான எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இப்படிப்பட்ட கணினி சாதாரண வேலையில் 15 வாட் இழுத்தாலே அதிகம். 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது 4 சதவீதச் சுமைகூட வராது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரை இருந்தாலும், சாதாரண ரகத்தில் 20 சதவீதச் சுமைக்குக் கீழே சோதிப்பதே இல்லை. 6 வாட் சிப் வாங்கி, மிச்சம் பிடித்ததை எஸ்எம்பிஎஸ் சூடாக்கித் தீர்ப்பதில் என்ன லாபம்?

ஏஸ்ராக்கில் ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் இரண்டு, அவற்றுக்கான மின்சாரமும் போர்டிலிருந்தே வரும். ஆசஸில் ஒன்றுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கல்யாண வீடியோ வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். ஒரு எச்சரிக்கை: 19 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் எல்லா அடாப்டர் முனையும் ஒரே தடிமன் கிடையாது. என்னுடையது உள்ளே போகவே இல்லை, தனியாக ஒரு மாற்று முனை வாங்கித்தான் சொருகினேன்.

கரண்ட் பில் பற்றி எல்லாரும் பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐ3 கணினி என்100ஐவிட 20 வாட் கூடுதலாக இழுப்பதாக வைத்துக்கொள்வோம். தினம் 6 மணி நேரம், இரண்டு மாதம் ஓடினால் 7.2 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றாலும் 36 ரூபாய்தான். உங்கள் ரீடிங் 500 யூனிட் எல்லையில் தள்ளாடிக்கொண்டிருந்தால் ஒழிய, பில்லுக்காக இதை வாங்காதீர்கள். கரண்ட் போனால் யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும், ஃபேன் சத்தம் இல்லை, ஃபேன் இழுத்து வந்து சேர்க்கும் தூசும் இல்லை. இவைதான் உண்மையான லாபம்.

ஐ3-12100 வேறு ஜாதி. நான்கு கோர், எட்டு திரெட், 4.3 கிகாஹெர்ட்ஸ், எல்லா கோரும் உழைக்கும் வேலையில் என்100ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். ரேம் ஸ்லாட் இரண்டு. என்100இல் ஒரே ஸ்லாட்தான், இன்டெல் சொல்லும் உச்சவரம்பும் 16 ஜிபி. எச்610இல் பின்னால் பிராசஸரையும் மாற்றலாம். என்100 போர்டு செத்தால் சிப்பும் சேர்ந்து போச்சு. பையன் வீடியோ எடிட்டிங், கேம் என்று இறங்குவான் என்றால் யோசிக்காமல் ஐ3 வாங்குங்கள். ஆனால் அதற்கு மினி ஐடிஎக்ஸ் தேவையா? எச்610இல் சின்ன போர்டுக்குத்தான் விலை அதிகம். கொஞ்சம் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் வாங்கினால் அந்தப் பணத்தில் ரேம் கூட்டிக்கொள்ளலாம். மலிவு என்று எஃப்-இல் முடியும் 12100எஃப்-ஐ மட்டும் எடுத்துவிடாதீர்கள், அதில் கிராபிக்ஸ் கிடையாது, திரையில் ஒன்றும் வராது.

ஏஸ்ராக்கைப் பூட்டி ஆன் செய்ததும் அக்கா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டேய், ஓடுதா இல்லையா? ஃபேனே காணோமே, கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்றாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் டிவி ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவை மூடிய அன்று சாயங்காலம் ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியவில்லை. ஸ்டாண்டின் பின்பலகையைக் கழற்றிவிட்டோம். இப்போது வெதுவெதுப்போடு சரி.