சின்னப் படகுக்கு யாயேசு எஃப்டி-818 சரிப்படுமா?

இது அமெச்சூர் வானொலிக்காரர்கள் (ஹாம்) கையோடு தூக்கிப்போகும் அனுப்பு-வாங்கி செட். தயாரிப்பு 2022 இறுதியோடு நின்றுவிட்டதால் இனி பெரும்பாலும் பழைய செட்தான் கிடைக்கும். பேட்டரி, ஆண்டெனா நீங்கலாக 900 கிராம். எச்எஃப் என்னும் சிற்றலை முதல் 430 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே பெட்டியில் அடக்கம். உச்ச சக்தி 6 வாட்.

கடலில் 6 வாட் தாராளம். உப்புத் தண்ணீரைப் போல நல்ல எர்த் தரையில் எங்கும் அமையாது. நெட்டாக நிற்கும் ஆண்டெனாவின் அலை அதன்மேல் தாழ்ந்த கோணத்தில் வெகுதூரம் போகும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5.2 மீட்டர் ஒயரை ஃபைபர் தூண்டிற்கழியோடு சேர்த்துக் கட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) இறங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். 5 மீட்டரை ஒட்டி வந்து நிற்கும். கார்பன் கழி மின்சாரம் கடத்தும், ஆகாது. ஆண்டெனா கேபிளான கோஆக்ஸின் வெளிப்பின்னலை உள்ளங்கையளவு செப்புத் தகட்டில் பற்றவைத்துத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். ஆழமாக விட வேண்டாம். இந்த அலைவரிசையில் மின்னோட்டம் கடலின் மேற்பரப்பில் ஏழெட்டு சென்டிமீட்டருக்குள்தான் ஓடுகிறது. அலுமினியப் படகில் செம்பு உடலைத் தொட்டால் அலுமினியம் அரித்துவிடும். ஏரியில் தகட்டு வேலை பலிக்காது. அங்கே தகட்டுக்குப் பதிலாக 5 மீட்டர் ஒயர் இரண்டைக் கோஆக்ஸின் பின்னலோடு இணைத்துப் படகின் விளிம்போடு ஓட்டுங்கள்.

இனி குறைகள். செட் தண்ணீர் தாங்காது. ஒரு தெறிப்பு போதும், பொத்தான் இடுக்கில் உப்பு இறங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடினால் வெயிலும் சூடும் சேர்ந்து வதைக்கும். மூடியுள்ள உணவு டப்பாவில் வைத்து, பேசும்போது மட்டும் திறப்பதே நல்லது.

பேட்டரி விஷயத்தில் இது பெருந்தீனிக்காரன். சும்மா கேட்கவே அரை ஆம்பியரை நெருங்கும், அனுப்பும்போது இரண்டரையைத் தாண்டும். கூடவே வரும் 1900 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி கேட்பதற்கு மட்டும் நாலு மணி நேரம் வந்தாலே அதிகம். 6 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்தால் அரை நாள் ஓடும். அதன் முனையிலேயே 4 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். டிசி பிளக் மெல்லியது. படகு ஆடும்போது ஒயர் இழுபட்டால் பேச்சின் நடுவே செட் அணைந்துவிடும். ஒயரைச் செட்டின் பக்கவாட்டில் உள்ள தோள்வார் வளையத்தில் பிளாஸ்டிக் கேபிள் டேக் போட்டு இறுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று: இதன் வரவேற்பு 154 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. கடல்சார் ஆபத்து அழைப்புச் சேனல் 16 இருப்பதோ 156.8-இல். இதை நம்பிக் கரையை விட்டு விலகாதீர்கள், படகுகளுக்கான தனி மரைன் விஎச்எஃப் செட் வேண்டும். இடி கேட்டதுமே கழியை இறக்கிவிடுங்கள்.

எச்எஃப் மட்டும் போதும் என்பவருக்கு எலெக்ராஃப்ட் கேஎக்ஸ்2 மேல். அது கேட்கும்போது இழுப்பது இதில் மூன்றில் ஒரு பங்குதான், 10 வாட் வரை தரும், ட்யூனரை (ஆண்டெனாவைச் செட்டுக்கு இசைவிக்கும் கருவி) உள்ளேயே பொருத்தலாம். ஆனால் 144 மெகாஹெர்ட்ஸ் கிடையாது, தண்ணீரும் தாங்காது. பழைய 818 வாங்குவதானால் டம்மி லோட் (ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டி ஒவ்வொரு பேண்டிலும் வாட் பாருங்கள், டிசி பிளக்கை ஆட்டிப் பாருங்கள். விலையை அப்புறம் பேசலாம்.