மனநல வெளிக்கள கிளினிக்கை யாரோடு சேர்ந்து நடத்துவது?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மனநல சேவை எல்லா இனத்தவருக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருப்பவருக்குத் தூரம் தடை. சிங்களவர் அதிகமுள்ள அம்பாறை நகருக்குப் போகும் தமிழ் பேசுபவருக்கு மொழி தடை. கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருந்தும், ஒன்றைத் தமிழருடையது, மற்றதை முஸ்லிம்களுடையது என்றே ஊர் பார்க்கிறது. 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த கொலைகளுக்குப் பிறகு, பக்கத்து இனத்தவரின் ஊருக்குப் போய் மனநோய்க்கு மருந்தெடுக்கத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இதைக் குறைக்க ஊருக்கே போய் வெளிக்கள கிளினிக் நடத்த வேண்டும், அதற்கு ஊரோடு கூட்டுச் சேர வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யாரோடு என்பதில்தான் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

முதல் வழியில் வைத்தியசாலைக் குழு மாதம் ஒருமுறை ஊர்ப் பொதுமண்டபத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும். மருந்தும் பதிவேடும் ஒரே கையில் இருப்பது பெரிய பலம். ஆனால் மனநோய்க்குப் போடும், மருந்து உடலில் பல நாள் நிற்கும் நீண்டநாள் ஊசிகள் சில 2 கிழமைக்கு ஒருமுறை போடப்படுபவை. மாதக் கிளினிக் அவற்றுக்குப் போதாது, இடையில் வரும் ஊசியைப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைத் தாதி போட முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். வராமல் விட்டவரைத் தேடிப் போக ஊரில் ஆளில்லை என்பதே இந்த வழியின் பெரிய ஓட்டை. வைத்தியருக்கு இடமாற்றம் வந்தால் கிளினிக்கே நின்றுபோகும்.

இரண்டாவது வழி கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், தேவாலயம் ஆகியவற்றோடு சேர்வது. பல குடும்பங்கள் முதலில் போவது சடங்கு செய்யும் கட்டாடியாரிடமோ, ஓதிப் பார்க்கும் மௌலவியிடமோதான். ஆகவே இவர்களை ஒதுக்கிவிட்டு எந்தத் திட்டமும் நடக்காது. ஆனால் கிளினிக்கைக் கோயில் வளவுக்குள் வைத்தால் மாதவிலக்கில் இருக்கும் பெண்ணும் துடக்கு வீட்டாரும் வரமாட்டார்கள், மற்ற மதத்தவர் எட்டியும் பார்க்கமாட்டார்கள். எனவே இவர்களிடம் இடம் கேட்க வேண்டாம், ஆளை அனுப்பும்படி கேட்க வேண்டும். உடன்பாடு மூன்று வரியில் முடியட்டும்: சடங்கும் ஓதலும் நடக்கலாம்; மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது, யாரையும் கட்டிவைக்கக்கூடாது; சாகப்போவதாகச் சொல்பவரை, சாப்பாடு தண்ணீரை மறுப்பவரை அன்றே அனுப்ப வேண்டும்.

பள்ளிவாசலால் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையை எடுப்பவர் நோன்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தளவு ஏறி நஞ்சாகலாம்: கை நடுக்கம் கூடும், வாந்தி வரும், நடை தள்ளாடும். நோன்பு தொடங்கச் சில கிழமை இருக்கும்போதே, "மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் காணுங்கள்" என்று ஜும்ஆவில் அறிவித்தால், எந்தத் துண்டுப்பிரசுரமும் போகாத வீட்டுக்கும் அது போய்ச் சேரும்.

மூன்றாவது, நாங்கள் பரிந்துரைக்கும் வழி: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பெண்கள், பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர், வைத்தியசாலைக் குழு ஆகிய மூவரும் சேர்ந்த கூட்டு. ஒரு ஊருக்கு இரண்டு பெண்கள். இனம் கலந்த பகுதியென்றால் இனத்துக்கு ஒருவர். கிளினிக்குக்கு முதல் நாள் தொலைபேசியில் நினைவூட்டுவது, ஊசிக்கு வராதவர் வீட்டுக்கு 7 நாளுக்குள் போவது, திரும்பி வந்து தாதியிடம் சொல்வது. இவ்வளவுதான் அவர்கள் வேலை. நோயை இன்னதென்று சொல்வதோ மருந்தைக் கூட்டிக் குறைப்பதோ அல்ல.

இந்த வழி சறுக்கும் இடங்களும் தெரிந்தவையே. பயணச் செலவும் கொடுப்பனவும் இல்லாவிட்டால் சில மாதத்தில் விலகிவிடுவார்கள். நுண்கடன் குழுத் தலைவியை இதற்கு எடுக்கக்கூடாது. தவணை கட்டாத பெண் அவரைக் கண்டதும் கதவைச் சாத்துவார். வீட்டில் கேட்டது வெளியே போனால் அந்த ஊரில் யாரும் பிறகு வாய் திறக்கமாட்டார்கள் என்பதால், இந்தப் பெண்கள் கையிலுள்ள பட்டியலில் பெயர் வேண்டாம், கிளினிக் இலக்கம் போதும். நாளையும் ஊரைப் பார்த்தே குறிக்க வேண்டும்: வெள்ளிக்கிழமை கூடாது, வைகாசிக் கண்ணகி சடங்கு நாட்கள் கூடாது. மார்கழி வெள்ளத்துக்கு முன் இரண்டு மாத மருந்து கொடுக்கலாமா என்று வைத்தியர் ஆளுக்கு ஆள் தீர்மானிக்கட்டும். தற்கொலை எண்ணம் உள்ளவர் கையில் அவ்வளவு மாத்திரையைக் கொடுப்பது ஆபத்து.

மூன்று வழிக்கும் பொதுவான குறை மொழிபெயர்ப்பு. சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியருக்கு முன் பத்து வயது மகளை வைத்து மொழிபெயர்ப்பித்தால், அடி வாங்கியதையோ சாக நினைத்ததையோ எந்தத் தாயும் சொல்லமாட்டார். குடும்பத்தைச் சேராத, முடிந்தால் பெண்ணான, மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும்.

எது பலித்தது என்று அறியப் பதிவேட்டில் ஐந்து நிரல் போதும்: கிராம சேவகர் பிரிவு, சமூகம், பேசும் மொழி, அனுப்பியவர் யார், நோய் தொடங்கி எத்தனை மாதத்தில் வந்தார். இங்கிலாந்தில் கறுப்பின மக்கள் மனநலச் சட்டத்தின் கீழ்க் கட்டாயமாக அனுமதிக்கப்படும் வீதம் வெள்ளையரைவிட ஏறத்தாழ 4 மடங்கு என்று சொல்ல முடிவது, இனவாரியாகப் பதிவு இருப்பதால்தான். சமூகத்தை அவரவர் சொல்கிறபடியே எழுத வேண்டும். தமிழ் பேசுவதால் வாகரைக் கரையோர வேடரைத் தமிழர் கணக்கில் சேர்த்துவிட்டால், அவர்களில் ஒருவர்கூட வராத மாதம் யார் கண்ணிலும் படாது.