ஏழு ஆண்டுகள் ஒரு ஃபிளாட்ஹெட்டுடன்

என்னிடம் இருப்பது 1930 ஃபோர்டு மாடல் ஏ கூப்பே. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 1951 ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சினை வைத்திருக்கிறேன். வால்வுகள் மேல்மூடியில் இல்லாமல் எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கிலேயே இருப்பதால் மூடி தட்டையாக இருக்கும், அதுதான் ஃபிளாட்ஹெட். கலிஃபோர்னியாவில், கோடையில் 40 டிகிரியைத் தொடும் உள்நாட்டு ஊர் ஒன்றில் ஏழு ஆண்டுகளாக ஓட்டுகிறேன்.

இதைவிட வலுவான, மலிவான எஞ்சின் வேண்டுமென்றால் 1955 முதல் வந்த செவ்ரலே வி8 போதும். நானும் மறுக்கவில்லை. ஆனால் பழைய பாணி ஹாட் ராடின் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காரின்) பானெட்டைத் திறந்தால் அந்தத் தட்டையான மூடிகள்தான் தெரிய வேண்டும். அந்த உறுமலும் வேறு எதிலும் வராது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர் இருந்தும் புகைவழி மூன்றுதான், நடு இரண்டும் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

போருக்குப் பிந்தைய ஃபோர்டு எஞ்சின்களில் இரண்டைத்தான் பார்த்தேன். 1946–48 காலத்து 59ஏபி, 1949–53 காலத்து 8பிஏ. இரண்டும் 239 கன அங்குலம். 59ஏபியில் கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் உறையான பெல் ஹவுசிங் பிளாக்கோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதால் பழைய கியர்பாக்ஸ் நேராகப் பொருந்தும். அழகும் அதற்கே அதிகம். ஆனால் சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிர்ந்தனுப்பும் அதன் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முகப்பில், விசிறிக்குக் கீழே ஒளிந்திருக்கும். 8பிஏயில் அது நிமிர்ந்து கைக்கு எட்டும் இடத்தில் நிற்கும். என் முதுகு 8பிஏயைத் தேர்ந்தெடுத்தது. அதில் பழைய கியர்பாக்ஸ் நேராகப் பொருந்தாத சிக்கலை அதே கால ஃபோர்டு லாரியின் பெல் ஹவுசிங் தீர்த்தது.

முதல் பிளாக்கில் ஏமாந்தேன். "ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்" என்று சந்தையில் ஒருவர் சொன்னதை நம்பிப் பணத்தைக் கொடுத்தேன். பட்டறையில் கழுவி, காந்தம் வைத்து இரும்புத்தூளைத் தூவினார்கள். தூள் மெல்ல நகர்ந்து, வால்வு இருக்கையிலிருந்து சிலிண்டர் சுவர்வரை மயிரிழைபோல ஒரு கோடாகச் சேர்ந்தது: விரிசல். இன்னொரு சிலிண்டரிலும் அதே கோடு. அந்த பிளாக் இன்று என் வேலை மேசைக்கு முட்டுக்கொடுக்கிறது. இரண்டாவதைப் பட்டறையில் சோதித்த பிறகே பணம் என்று பேசி வாங்கினேன்.

அடுத்த அடி என் அறியாமையால் விழுந்தது. ஆசைப்பட்டு இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் 97 கார்புரேட்டர்களைப் பூட்டினேன். மூன்று மாதம் வண்டி மேட்டில் மூச்சு வாங்கியது. 8பிஏயோடு வரும் டிஸ்ட்ரிபியூட்டர், வேகத்துக்கேற்பத் தீப்பொறி விழும் நேரத்தை முன்தள்ளுவதற்குத் தன் சொந்த கார்புரேட்டரின் வெற்றிட அழுத்தத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. 97இல் அதற்கான துளை கிடையாது. சுழலும் எடைகளால் அந்த நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றியதும் வேறு வண்டிபோல ஓடியது.

சூடாகும் என்ற கெட்ட பெயர் பாதி உண்மை. வால்வுகள் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலான நடுப்பள்ளத்தில் இருப்பதால், எரிந்த புகை பிளாக்கின் நீரறைகளுக்கு ஊடாகவே வெளியேறுகிறது. அந்தச் சூட்டை எல்லாம் தண்ணீர்தான் சுமக்க வேண்டும். பட்டறையில் கழுவிய பிறகும், கம்பி வடத்துண்டு ஒன்றை டிரில்லில் மாட்டி நீரறைகளைக் குடைந்தேன். துருவும் பழைய வார்ப்பு மணலும் அரை வாளி வந்தன. இன்னொன்று: இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் பம்பும், சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டும் பக்கத்துக்கு ஒன்று. என் வெப்ப மீட்டர் வலப்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்க தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டபோது முள் சாதுவாக நிற்க, மூடியில் சொட்டிய தண்ணீர் சீறியது. இப்போது இரண்டு மீட்டர்கள். ஜூலை மாதச் சிக்னலில் இன்றும் முள் ஏறும். வண்டி நகரத் தொடங்கியதும் இறங்கிவிடும்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் சுகம். அதற்கு மேல் நான் விரட்டுவதில்லை. 100 குதிரைத்திறன்தான், ஆனால் எடை குறைந்த வண்டிக்கு அதன் இழுவை தாராளம். என் குறை ஒன்றே: அன்றே 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) தரும் மெர்குரி காரின் கிராங்க் தண்டைப் போட்டிருக்க வேண்டும். ஃபோர்டு பிளாக்கில் அது அப்படியே உட்காரும். சிலிண்டரை 3 5/16 அங்குலமாகக் கடைந்தால் 276 கன அங்குலம். கிராங்க் கிடைத்துவிட்டது, எண்ணெய்த்தாள் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. வீட்டில் அதற்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.