‘12 சேனல் யூஎஸ்பி மிக்சர்’ வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பாட்டு, வீணை, மிருதங்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யவேண்டும். ஆனால் கம்ப்யூட்டரில் தனித்தனி டிராக்காக விழவேண்டும். கடையில் இதைத்தான் கேட்டேன். “12 சேனல் சார், எல்லாமே தனித்தனியா வரும்” என்று அடித்துச் சொல்லி ஒரு மிக்சரை (பல மைக் ஒலிகளைக் கலக்கும் கருவி) தலையில் கட்டினார்கள்.

வீட்டில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தால் இன்புட் பட்டியலில் இருப்பது இரண்டே இரண்டு. எத்தனை மைக் மாட்டினாலும் மிக்சருக்குள்ளேயே கலந்து, ஸ்டீரியோவாகத்தான் யூஎஸ்பி வழியே வருகிறது. ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளும் பான் குமிழை ஒன்றுக்கு முழு இடம், இன்னொன்றுக்கு முழு வலம் என்று திருப்பினால் இரண்டைப் பிரித்து எடுக்கலாம். மூன்றாவதுக்கு வழியே இல்லை. மிருதங்கத்தைக் கொஞ்சம் குறைக்கப் போனால் கூடவே பாட்டும் அடங்குகிறது.

புகார் சொன்னதும் “டிரைவர் பிரச்சினை” என்றார்கள். ஆள் வந்து ஏஷியோ4ஆல் என்ற ஆடியோ டிரைவரைப் போட்டுவிட்டு விசிட்டுக்குத் தனியாகக் காசு வாங்கிப் போனார். அதைப் போட்டால் ஒலி வரும் தாமதம் குறையலாம், அவ்வளவுதான். மிக்சரில் இல்லாத சேனலை எந்த டிரைவரும் கொண்டுவராது. இது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா? அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடைசியில் “பெட்டி பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்” என்று கைவிரித்துவிட்டார்கள்.

அவுட்புட்டிலும் இதே கதை. பதிவான குரலை வெளியே இருக்கும் கம்ப்ரஸருக்கு (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் கருவி) அனுப்பித் திரும்ப வாங்க, ஸ்பீக்கருக்குப் போகும் 1-2 ஜோடி தவிர 3-4 என்று தனி அவுட்புட் வேண்டும். ஒரே ஜோடியில் செய்தால் திரும்பி வரும் ஒலியே மறுபடி வெளியே போய்ச் சுற்றி ஊளையிடும்.

ஆகவே பெட்டிமேல் அச்சடித்த சேனல் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஸ்பெக்கில் யூஎஸ்பி என்ற வரியைத் தேடுங்கள். ‘2 இன் / 2 அவுட்’ என்றிருந்தால் மேலே எத்தனை குமிழ் இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு இரண்டுதான். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டு, இன்புட் பட்டியலை எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மேக் என்றால் ‘ஆடியோ மிடி செட்டப்’பிலேயே தெரிந்துவிடும். ‘மல்டிடிராக் யூஎஸ்பி, இத்தனை இன்புட்’ என்று பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரத்தைப் பற்றி வாயால் பொய் சொல்லி விற்பதும் முறையற்ற வணிகம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கே புகார் பதிந்திருக்கிறேன்.