கவுண்டர் ஸ்ட்ரைக் 2: காசுக் கணக்கில் நிற்கும் சமநிலை

இரண்டு அணிகள் ரவுண்டு ரவுண்டாகச் சுட்டு மோதும் கணினி விளையாட்டான கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இன் சமநிலை துப்பாக்கியில் இல்லை, ஆயுதம் வாங்கும் காசில் இருக்கிறது. எல்லோரும் 800 டாலரில் தொடங்குகிறார்கள். ரவுண்டுகளில் தொடர்ந்து தோற்றால் கிடைக்கும் ஆறுதல் தொகை ஐந்நூறு ஐந்நூறாக ஏறி 3400-இல் நிற்கும். ஏகே-47 துப்பாக்கி விலை 2700, தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் ஏடபிள்யூபி 4750. ஏடபிள்யூபியால் ஒருவரை வீழ்த்தினால் கிடைப்பது 100தான், ஏகேயால் என்றால் 300. அருமையான கடிவாளம்!

காசு போதாமல் அணி முழுவதும் ஆயுதம் வாங்காமல் சேமிக்க வேண்டிய ரவுண்டில் ஒருவர் மட்டும் வாங்கிவிட்டால் அடுத்த ரவுண்டில் அணியே அரைகுறை ஆயுதத்தோடு நிற்கும். ஓர் ஆட்டத்தின் அதிகபட்ச ரவுண்டுகள் முந்தைய 30-இலிருந்து 24 ஆனபின் மீள்வதற்கு அவகாசமும் குறைவு. முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது மைக்கில் வசவு கிளம்புவது பெரும்பாலும் இங்கேதான். ரவுண்டு தொடங்கியதுமே "சேமிப்போம்" என்று சொல்லிவிடுங்கள். காசு மிஞ்சியவர் மற்றவருக்கு வாங்கிப் போடலாம். திட்டுபவரை உடனே மியூட் செய்யுங்கள். அந்தச் சத்தத்தில் எதிரியின் காலடியோசை கேட்காது.