சிறு விடுதி தொடங்குவோருக்கான இரண்டு நாள் பயிற்சி: ஒரு மதிப்பீடு

வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டுக் காலை உணவும் அளிக்கும் சிறு விடுதியைத் தொடங்க எண்ணி, அதற்கென நடத்தப்படும் இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் அண்மையில் கலந்துகொண்டேன். கட்டணத்திற்குரிய பயனைத் தந்தது முதல் நாள் மட்டுமே.

அன்று கணக்கிலிருந்தே தொடங்கினார்கள். நான்கு அறைகள் இருந்தால் ஆண்டுக்கு 1,460 அறை இரவுகள் (ஓர் அறையை ஓர் இரவுக்கு விடுவது ஓர் அறை இரவு) விற்பனைக்கு உண்டு. அவற்றில் 40 விழுக்காடு நிரம்பினால் 584 இரவுகளுக்கே வருமானம் வரும் என்பதையும், முன்பதிவுத் தளங்களின் கமிஷன், சலவை, மின்சாரம், காலை உணவு ஆகிய செலவுகள் அனைத்தும் அதிலிருந்தே கழிய வேண்டும் என்பதையும் எங்களையே எழுதிப் பார்க்கவைத்தபோது, நான் போட்டுவைத்திருந்த திட்டம் ஒரு மணி நேரத்தில் கலைந்துபோனது. ஒவ்வொரு படுக்கைக்கும் மூன்று தொகுதி விரிப்புகள் (விரித்தது ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று) தேவை என்பது எளிய செய்திதான். ஆனால் என் பட்டியலில் ஒன்றுதான் இருந்தது. குடியிருப்புக்கான காப்பீடு, கட்டணம் செலுத்தித் தங்குவோர் தொடர்பான இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்யாது என்பதும், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்பதை வீட்டை வாங்குமுன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும் என்பதும் அங்கேதான் தெளிவாயின.

இரண்டாம் நாள் திரைச்சீலை நிறங்களிலும் புகைப்படக் கோணங்களிலும் கழிந்தது. தீப்பாதுகாப்புக்குப் பத்து நிமிடம் மட்டுமே ஒதுக்கியது ஏற்கத்தக்கதன்று. இயங்கிவரும் விடுதி ஒன்றில் விடியற்காலைச் சமையல் முதல் அறைகளைத் தூய்மை செய்வது வரை உடனிருந்து பார்க்க வாய்ப்பளித்திருந்தால், அந்த நாளும் பயனுடையதாகியிருக்கும். சேர விரும்புவோர், முதல் நாளுக்கு மட்டும் பதிவு செய்ய இயலுமா என்று முன்னதாகக் கேட்டுப் பார்க்கலாம்.